தலை வரையப்படாத அம்மாக்கள்

ஜூலை 2, புதன்

இன்று ஸ்கேன். இருபதாவது வாரம். "எல்லாம் நார்மல்" என்று சொன்னது டாக்டர் அல்ல, இவர். இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஸ்கேன் டாக்டரம்மா நன்றாகப் பேசுகிறவர். தென்காசியில் சாரல் தொடங்கியது, மகள் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவது என்று என் வயிற்றில் கருவியை உருட்டிக்கொண்டே ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பேச்சு நின்றது. அதே இடத்தை நாலு தடவை அழுத்தினார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், மறுபடி மல்லாக்கப் படுக்கச் சொன்னார். பிறகு என்னைப் புடவையைச் சரிசெய்துகொள்ளச் சொல்லிவிட்டு இவரை உள்ளறைக்குக் கூப்பிட்டார். ஆறு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"எல்லாம் நார்மல் ளா. வா, போவோம்" என்றார்.

ரிப்போர்ட் உறை அவர் பைக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, ஆபீசில் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருகிறாராம். நான் விடாப்பிடியாக நின்று அங்கிருந்த உதவியாளர் பெண்ணிடம் ஒரு படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த அறையில் படுத்தால் கண்ணுக்கு நேரே ஒரு அறிவிப்பு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். ஒரு குற்றத்தைச் செய்ய ஆறு நிமிஷம் தாராளம். பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு என்ன?

முதல் கரு பத்தாவது வாரத்தில் போனது. இரண்டாவது பதினாலாவது வாரத்தில். இது மூன்றாவது, எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. இவருடைய அக்கா செண்பகவல்லி மைனிக்கு இரண்டும் பெண். மூன்றாவது கலைந்துபோனது என்பார்கள். யார் கலைத்தது என்று இந்த வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. மைனி நாகர்கோவிலில் நர்ஸ் வேறு. இந்தப் பிள்ளையை யாரும் என்னிடமிருந்து எடுக்க விடமாட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் துணி துவைத்தேன். இவர் தானாக வந்து கொடியில் காயப்போட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இது முதல் தடவை. எதற்கு?

கல்லூரிக்குப் போனேன். மருத்துவக் கல்லூரி உடற்கூறு மியூசியத்தில் பதினோரு வருஷமாக ஆர்ட்டிஸ்ட் வேலை. ஜாடிக்குள் மிதப்பவற்றைப் பார்த்து மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி வரைந்து கொடுப்பேன். ஜாடியில் இருப்பது பழையதாகிச் சில இடங்கள் கரைந்து போயிருக்கும். அதை நானே நிரப்பிவிடுவேன். நிரப்பியது தெரியாமல் நிரப்புவதில்தான் என் பெயர் நிற்கிறது.

ஆகஸ்டில் ஒரு கண்காட்சி. துறைத் தலைவர் மீனலோசனி மேடத்தின் யோசனை: கருப்பையையும் உள்ளே இருக்கும் பிள்ளையையும் உலகம் இதுவரை எப்படியெல்லாம் வரைந்து வந்திருக்கிறது என்று பன்னிரண்டு பலகைகள். பழைய படங்களை நான் பெரிதாக்கி வரைய வேண்டும். வீட்டில் இவர் அம்மா, அத்தைக்கு இது ஆகவே ஆகாது. மாசமாக இருக்கிறவள் கண்டதைப் பார்க்கக் கூடாதாம். அதற்குப் பரிகாரமாக மே மாதமே எங்கள் கட்டிலுக்கு எதிரே வெண்ணெய் தின்கிற கிருஷ்ணன் காலண்டரை மாட்டிவிட்டார்.

இன்று இரண்டாம் பலகை முடிந்தது. ஐரோப்பாவில் எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்பு வரைந்தது. கருப்பை என்று ஒரு குடுவை. உள்ளே பிள்ளை இல்லை, குட்டி ஆள். தலைமுடி வகிடு எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, டிரில் வாத்தியாருக்குக் காத்திருப்பவன் போல நிற்கிறான். இடம் தாராளமாக இருக்கிறது. அம்மா எங்கே என்றால், அம்மாவே கிடையாது. குடுவை மட்டும்தான்.

ஜூலை 5, சனி

கடைசிப் பலகைக்கு இந்தக் காலத்து ஸ்கேன் படம் ஒன்று வேண்டுமாம். நோயாளிகள் படத்தை எடுத்து மாட்ட முடியாது என்று மேடம் யோசித்துக்கொண்டிருந்தார். என்னுடையது இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வீட்டில் படத்தைப் பலகையில் குத்தி, பென்சிலில் ஒரு மாதிரி போட்டுப் பார்த்தேன். நெற்றி இவருடையது. மூக்கு, நல்லவேளை, இவருடையது இல்லை. இடது கை முகத்துப் பக்கம் தூக்கியிருக்கிறது, ஓரிடத்தில் நிழலுக்குள் போகிறது. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை அழித்து வரைந்தேன். தாள் தேய்ந்து ஓட்டை விழப் பார்த்தது. இந்த மாதம் வந்த தாள் மட்டம்.

ஜூலை 9, புதன்

கிருஷ்ணன் காலண்டரைக் காணோம். ஆணி மட்டும் இருக்கிறது.

அத்தையிடம் கேட்டேன். தூசி அடைந்துவிட்டது என்றார். மே மாதம் மாட்டிய காலண்டரில் அதற்குள் என்ன தூசி? பேரன் என்றால் கிருஷ்ணன் வேண்டும், பேத்திக்கு எதற்கு என்று கழற்றிவிட்டார்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ரகசியம் பகிர்ந்தாகிவிட்டது. சுமக்கிறவளுக்குத்தான் தெரியக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

ஐந்தாம் பலகை. இத்தாலிக்காரர் ஒருவர், ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு வரைந்தது. பிள்ளை அவ்வளவு அழகு, முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. ஆனால் நஞ்சுக்கொடி பசுவினுடையது. பசுவை அறுத்துப் பார்த்ததை மனுஷிக்குள் வைத்துவிட்டார். அவ்வளவு பெரிய கைகாரர், தெரியாத இடத்தில் தெரிந்ததை நிரப்பியிருக்கிறார்.

எட்டாவது இன்னும் வேடிக்கை. நுண்ணோக்கி வந்த புதிதில் ஆணின் விந்துக்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதாக வரைந்தார்கள். அம்மா என்பவள் அவன் தங்கிப் போகிற லாட்ஜ். யார் வரைந்தாலும் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். மேடத்திடம் சொன்னேன். விளக்க அட்டையில் இதையே போடலாம் என்று குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

எழுதவே கூசுகிறது. இவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். மைனி அனுப்பிய செய்தி:

"22 ஆகப்போவுது. 24 தாண்டினா ஒண்ணும் செய்ய முடியாது. இன்னும் எத்தன நாள் இப்படி முழிச்சிட்டிருப்ப? நீ பேசுதியா, நான் வந்து பேசட்டா?"

ஒன்றும் செய்ய முடியாது என்றால், இப்போது எதைச் செய்யப் பார்க்கிறார்கள்? என் சந்தேகம் சந்தேகமே இல்லை. போனை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன்.

ஜூலை 16, புதன்

அத்தை கொடுக்கும் சுக்குக் கஷாயத்தை மூன்று நாளாக வாழை மூட்டில் ஊற்றுகிறேன். சாப்பாடு நானே வடித்துக்கொள்கிறேன். வாசனை பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அத்தை முகம் வாடிவிட்டது. வாடட்டும்.

இவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் ஏதோ வீடியோ பார்க்கிறார். நான் போனால் அணைக்கிறார். ஒரு தடவை கண்ணில் பட்டது, ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை வீடியோ பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறார் போல. பெண் பிறப்பதற்கு இவ்வளவு துக்கமா? ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திய ஆளை எனக்குத் தெரியவில்லை என்பதுதான் எல்லாவற்றையும் விட வலிக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

"நாகர்கோவில்ல அக்கா ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டர் இருக்காக. சும்மா ஒரு தடவ காட்டிட்டு வருவமா?" என்று கேட்டார். நார்மல் என்றால் எதற்குப் பெரிய டாக்டர் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒன்பதாம் பலகை நடக்கிறது. பிரசவ வைத்தியம் பெரிய படிப்பாக மாறியபோது இங்கிலாந்தில் வரைந்தது. இதில் நிரப்பல் கிடையாது, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருக்கிறார்கள். பிள்ளையின் காதுமடல் கூடத் துல்லியம். ஆனால் அம்மாவை இரண்டு தொடையிலும் குறுக்கே வெட்டி, எலும்பு தெரிய, கறிக்கடை மேஜையில் போட்டது போல வைத்திருக்கிறார்கள். தொப்புளுக்கு மேலே ஒன்றுமில்லை. அவள் யார், எதில் செத்தாள் என்று ஒரு வரி கிடையாது. பத்தாவது, போன நூற்றாண்டில் பத்திரிகையில் வந்த வண்ணப் புகைப்படம், பிள்ளை ஆகாயத்தில் மிதப்பது போல இருக்கும். அந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலும் உயிரில்லாத பிள்ளைகள்தான் என்று மேடம் சொன்னார். அதிலும் அம்மாவைக் காணோம்.

பன்னிரண்டிலும் அம்மாவுக்குத் தலை இருப்பது நம் ஊர்க் கோயில் தூணில் நின்றபடி பிரசவிக்கிற பெண்ணின் பலகையில் மட்டும்தான். இரண்டு தோழிகள் தாங்கிக்கொள்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 21, திங்கள்

பன்னிரண்டாம் பலகை முடிந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளைப் பேஸ்டல். நாலடி உயரம். கன்னத்தருகே இடது கை, ஐந்து விரலும் மொட்டு மாதிரி. என் வேலையிலேயே சிறந்தது இதுதான் என்று எனக்கே தோன்றியது.

மேடம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கினார். ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"பிரமு, இந்த அஞ்சு விரலையும் எங்க பார்த்து வரைஞ்ச?" என்று கேட்டார்.

நிழலில் மறைந்திருக்கிறது மேடம், வழக்கம் போல நிரப்பிவிட்டேன் என்றேன்.

ரிப்போர்ட்டைப் படித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பூதக்கண்ணாடியை என் கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு போட்டேன். மோட்டார் ரிப்பேர், குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.

ஜூலை 23, புதன்

அது நிழல் இல்லை. நிழல் என்றால் ஓரம் மங்கலாக இருக்கும். முதலாம் ஆண்டு மாணவனுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மணிக்கட்டு வரை எலும்பு வெள்ளையாக வருகிறது. அங்கே உருண்டையாக, சுத்தமாக முடிகிறது. அதற்கப்பால் கை இல்லை.

ஐந்தாம் தேதி பென்சில் மாதிரியை எடுத்துப் பார்த்தேன். தேய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் முதல் கோடு தடமாகத் தெரிகிறது. முதல் தடவை சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். மணிக்கட்டோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்கப்புறம் அழித்துவிட்டு விரல் போட்டிருக்கிறேன். திருப்தியில்லாமல் மறுபடி அழித்து, மறுபடி விரல். தாள் மட்டம் என்று இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். தாளில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாக ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டேன். படம் என் மேஜையிலேயே இருந்தது.

ஜூலை 24, வியாழன்

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் ஸ்கேன் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இடது மணிக்கட்டின் மேல் விரலை வைத்தேன். இவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அத்தை அடுக்களை வாசலில் நின்றார்.

எல்லாம் வெளியே வந்தது. மற்றபடி இதயம், மூளை, முதுகெலும்பு எல்லாம் சரியாக இருக்கிறதாம், இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வளரவில்லையாம். இரண்டு தடவை இழந்தவள், நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா இவரிடம் விட்டிருக்கிறார். இவருக்கு அந்தப் பக்குவம் வரவே இல்லை. காதில் ஒயரோடு பார்த்த வீடியோவில் சைக்கிள் ஓட்டிய சிறுமிக்கும் ஒரு கைதானாம். மைனி முதல் நாளிலிருந்து, முடிவு எடுக்க வேண்டியது அவள், அவளிடம் சொல்லு என்று இவரைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அந்தச் செய்தியை எப்படிப் படித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மைனி விஷயத்தில் நான் நினைத்தது பாவம்.

காலண்டரைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். "அவன் ரெண்டு கையிலயும் வெண்ணெய அள்ளிட்டு உக்காந்திருக்கான். நீ தெனம் அதப் பாத்து முழிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அழுதார். கஷாயம் வாழைக்குப் போனதைச் சொல்லி நானும் அழுதேன்.

இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கலைத்துவிடலாம் என்று நினைத்தீர்களா?

"ஒரு நாள் நெனச்சேன். ஒரு நாள் பூரா நெனச்சேன்" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காகவே கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை, அதை அவரிடமும் சொன்னேன். கை இல்லாதது ஒரு பக்கம். நீங்கள் மூன்று பேரும் என் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பேசி முடிவு தேடிக்கொண்டிருந்தீர்கள், எனக்கு ஒரு தலை இருப்பது ஒருத்தருக்கும் நினைவில்லை. அந்த இங்கிலீஷ் பலகையில் இருக்கிறவள் நான்தான்.

ஜூலை 28, திங்கள்

ஸ்கேன் சென்டருக்கு நானே போன் செய்து நேரம் வாங்கினேன். டாக்டரம்மாவிடம் திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். இந்தத் தடவை தென்காசிச் சாரலைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு இடமாகக் காட்டினார். வலது கையின் கட்டை விரல் வாய்க்குள் இருந்தது. இடது கை வந்தது, மணிக்கட்டோடு நின்றது, அசைந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். யாரும் நிரப்பாத படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கலைப்பதென்றால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார். கலைப்பது, வைத்துக்கொள்வது இரண்டுக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளை எனக்கு வேண்டும் என்றேன். ஆணா பெண்ணா என்று கேட்கவே தோன்றவில்லை.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம் ளா" என்றார். என் இஷ்டம் சரி. உங்கள் இஷ்டம் என்ன என்று கேட்டேன். எனக்கும் அதேதான் என்றார், என் முகத்தைப் பார்த்து, ரொம்பத் தெளிவாக. "எல்லாம் நார்மல்" என்றதும் இதே முகத்தைப் பார்த்துத்தான்.

ஜூலை 30, புதன்

இருபத்திநாலு. மைனி நாகர்கோவிலிலிருந்து வந்து நாள் முழுக்க என்னோடு இருந்தார். மீன் குழம்பு வைத்தார், இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அவருடைய மூன்றாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவராகவே, என்னிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை பிரமு என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பலகையை மறுபடி வரைந்தேன். விரல்களைத் துடைத்தெடுத்து, மணிக்கட்டை உருண்டையாக முடித்தேன். அது போதாது என்று தோன்றியது. அட்டையோடு இன்னொரு அட்டையை ஒட்டி, சுற்றி வயிற்றை வரைந்தேன், மேலே மார்பு, கழுத்து, தலை. கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் மூக்கு கொஞ்சம் கோணல். மேடம் விளக்க அட்டையில் "தாய்: பிரமநாயகி, 35" என்று எழுதி ஒட்டினார்.

திறப்பு விழாவுக்கு வரச் சொல்லி இவரிடம் சொன்னேன். ஆபீசில் ஆடிட் என்றார். அன்றைக்கா ஆடிட்? இன்னும் என் இஷ்டத்தைத்தான் சுமக்கிறார், தன் இஷ்டம் என்று ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மனுஷன் ஒத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஒத்துக்கொண்ட அப்பா ஒரு பிள்ளைக்குப் போதுமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

நல்ல கூட்டம். மாணவர்கள், நர்சிங் பள்ளிப் பெண்கள், டவுனிலிருந்து நாலைந்து குடும்பங்கள். குடுவைக்குள் நிற்கிற குட்டி ஆளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் பலகைக்கு முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. கால் வலித்ததால் பன்னிரண்டாம் பலகைக்குப் பின்புறம், தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது யாருக்கும் தெரியாது, எனக்குப் பேச்சு மட்டும் கேட்கும்.

ஒரு பெண் குரல், வயதானவர் போல, படம் அருமையாக வந்திருக்கிறது, ஆனால் ஒரு கையை முடிக்காமல் விட்டுவிட்டார்களே, அவசரம் போல என்றது. கூட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"முடிக்காம இல்லம்மா" என்று ஒரு ஆண் குரல். இவர் குரல். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. "கை அப்படித்தான் இருக்கு. இது எங்க பிள்ள. நவம்பர்ல வரும்."

அந்த அம்மா சங்கடப்பட்டு ஏதோ மன்னிப்பு மாதிரி சொன்னார். பரவாயில்லை என்றவர், மேலே இருப்பது என் வீட்டுக்காரி, மூக்கை அவளே கெடுத்துக்கொண்டாள், நேரில் நன்றாக இருப்பாள் என்று அவர்களை நிறுத்தி வைத்துப் படத்தை மேலிருந்து கீழே வரை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுந்து போகவில்லை. நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. அதனால் அவர் சொன்னதை நம்புகிறேன்.